லிட்டருக்கு இருபத்திரண்டு

காவல் நிலையத்தின் பின்புறம் அந்த வெள்ளைக் கார் ஒற்றைக் கண்ணோடு நின்றது. இடது ஹெட்லைட் இருந்த இடத்தில் இரண்டு வயர்கள் தொங்கின. பம்பரில் ஒரு சைக்கிளின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இன்னா பாய், மூஞ்சைப் பாத்தாலே தப்பு பண்ண மாதிரி கீது," என்றாள் விஜி.

"காரைச் சொல்றியா?" என்றார் சாதுல்லா.

"காரையும்தான். நம்ம ஏட்டு சாரையும்தான்."

ஏட்டு லட்சுமணன் முறைத்தார். "பாய், இன்ஸ்பெக்டர் சொன்னாரேன்னு காட்டறேன். அந்தப் பொண்ணை வாயை மூடிக்கினு இருக்கச் சொல்லு."

"அது என் கையில இல்ல ஏட்டையா. நீங்க சாவியைப் போடுங்க," என்றார் சாதுல்லா.

சாதுல்லா பல வருடங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தவர். இப்போது பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். விஜி அவருடைய உதவியாளர். அம்பத்தூர்ப் பெண். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சம்பளத்தைத் தவிர எதற்காகவும் அவள் வாய் மூடியதில்லை.

இன்று காலையில்தான் பெனிஷா என்ற பெண் அந்த மாடிப்படி ஏறி வந்தாள். முகப்பேரில் வீடு, தனியார் மருத்துவமனையில் நர்ஸ். புதன்கிழமை சாயங்காலம், நல்ல மழையில், திருமழிசை வளைவில் ஒரு கார் சைக்கிளை இடித்துவிட்டுப் போயிருந்தது. சைக்கிளில் போனவர் நாகப்பன், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். தலையில் அடி. இன்னும் நினைவு திரும்பவில்லை. நேற்று பெனிஷாவின் அண்ணன் அலெக்ஸ், அப்பாவின் காரை ஓட்டிக்கொண்டு வந்து, "நான்தான் இடிச்சேன்" என்று காவல் நிலையத்தில் நின்றான். இன்று சாயங்காலம் அவனைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகிறார்கள்.

"எங்கண்ணன் இடிக்கல சார். யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும். கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள," என்றாள் பெனிஷா.

"அண்ணன் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்." அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏட்டு சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. சாதுல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஸ்பீடாமீட்டருக்குக் கீழே சின்னத் திரையில் எண்கள். கடைசியாக டேங்க் நிரப்பியதிலிருந்து ஓடிய தூரம் நூற்றறுபது கிலோமீட்டர். சராசரி மைலேஜ், லிட்டருக்கு இருபத்திரண்டு.

சாதுல்லா நிமிரவே இல்லை.

"இன்னா பாய், உள்ளயே தூங்கிட்டியா?"

"விஜி, டிரங்க் ரோட்டுல எந்த வண்டியாவது லிட்டருக்கு இருபத்திரண்டு குடுத்து நீ பாத்திருக்கியா?"

"என் ஸ்கூட்டின்னா குடுக்கும், காரு எங்க குடுக்கும்? ஆனா இது டீசலு பாய். டீசல்னா கூடத்தான் குடுக்கும்."

"குடுக்கும். எவ்வளவு கூடக் குடுக்கும்ங்கறதுதான் கேள்வி."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் அலெக்ஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். ஷேவ் செய்யாத முகம். சாதுல்லாவைப் பார்த்ததும் எழுந்தான்.

"பெனிஷா அனுப்பினாளா? வேணாம் சார். நான்தான் ஓட்டினேன். எழுதிக் குடுத்துட்டேன்."

"சரிப்பா. நான் அதைக் கேக்க வரல. உனக்குச் சொந்தமா ஒரு கார் இருக்காமே. அப்பா வண்டியை எதுக்கு எடுத்தே?"

"என்னுது பெட்ரோல் சார். ரெண்டும் ஒரே மாடல்தான், ஆனா டீசல் மைலேஜ் ஜாஸ்தி. இந்த வாரம் தினமும் திருமழிசைக்குப் போற வேலை. திங்கக்கிழமை டேங்க் ஃபுல் பண்ணிட்டு எடுத்தேன். வேற யாரும் தொடல."

"நல்ல யோசனை. எவ்வளவு குடுத்துச்சு?"

"எது சார்?"

"மைலேஜ்."

அலெக்ஸ் கண்ணைச் சிமிட்டினான். "பதிமூணு, பதினாலு குடுத்துச்சு."

"திரையில பாத்தியா?"

"பாத்தேன் சார். பதினாலு."

வெளியே வந்ததும் விஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மைலேஜுக்காக வண்டியை மாத்தினவன் மைலேஜைப் பாக்கவே இல்லியே பாய்! பொண்ணு பாக்கப் போயி பஜ்ஜியை மட்டும் பாத்துட்டு வந்தா மாதிரி."

"அவன் சொந்த வண்டி என்ன குடுக்குதோ, அதுல ரெண்டு மூணு கூட்டிச் சொல்றான். டீசல்னா அவ்வளவு கூடும்னு அவனுக்குத் தெரியும். இந்த வண்டியை ஓட்டல, அவ்வளவுதான்."

"அப்ப யாரு?"

"இருபத்திரண்டு எடுக்கிற கால் அந்த வீட்டுல யாருக்கு இருக்கு? போய்ப் பாப்போம்."

முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் தரைத்தளத்தில் வீடு. கதவைத் திறந்தவள் பெனிஷா. உள்ளே, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அப்பா பிரகாசம். வலது முழங்காலில் பெரிய கட்டு. அவர் தலைக்கு மேலே சுவரில் சிலுவை, மனைவியின் படம், அதற்கடுத்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்று. ஐயப்பன்தாங்கல் பணிமனை ஓட்டுநர் பிரகாசத்துக்கு, டீசல் சிக்கனத்துக்காக.

விஜி சாதுல்லாவின் காதருகே சாய்ந்தாள். "கால் கிடைச்சிடுச்சு பாய்."

சாதுல்லா அந்தச் சான்றையே பார்த்துக்கொண்டு கேட்டார். "ஐயா, பஸ்ஸுல டீசல் மிச்சம் பிடிக்கிறது எப்படி?"

அந்தச் சூழ்நிலையிலும் பெரியவரின் முகம் சற்று மலர்ந்தது. "அது ஒண்ணும் வித்தை இல்ல தம்பி. தூரத்துல சிக்னல் செவப்பா இருக்குன்னா எதுக்கு மிதிச்சுகினு போய் அங்க நிக்கணும்? காலை எடுத்துட்டா வண்டி தானா உருண்டு போவும். போய்ச் சேரத்துக்குள்ள பச்சை வுழுந்துடும். பிரேக்கு போட்டா, அதுவரைக்கும் எரிச்ச டீசலு வீண். அவ்ளோதான்."

"திருமழிசை வளைவுல பிரேக் போட்டீங்களா?"

பிரகாசத்தின் கை வாக்கரை இறுகப் பிடித்தது. சமையலறை வாசலில் நின்ற பெனிஷா, "அப்பா..." என்றாள். அவர் அவளைப் பார்க்காமலே பேசினார்.

"நான்தான் ஓட்டினேன். பையன் எனக்காகப் பழி ஏத்துக்கினான். என்னைக் கூட்டிகினு போங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் வுழல. வயசான காலத்துல இப்படி ஆயிடுச்சு."

"முழங்கால் ஆபரேஷன் எப்ப ஆச்சு?"

"அது... போன மாசம்."

"காலை மடக்கி, என் கையை மிதிங்க பாப்போம். ஆக்சிலேட்டர்னு நெனச்சுக்குங்க."

பிரகாசம் முயன்றார். முழங்கால் பாதிகூட மடங்கவில்லை. வலியில் உதட்டைக் கடித்தார். நெற்றி வேர்த்தது. பெனிஷா ஓடிவந்து அவர் காலைத் தாங்கிப் பிடித்து, ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"விட்டுடுங்க தம்பி. யாரு ஓட்டினா இன்னா? எங்க வூட்டு வண்டி. எங்க வூட்டு ஆளு ஒருத்தன் உள்ள கீறான். அது போதாதா?"

சாதுல்லா பெனிஷாவிடம் திரும்பினார்.

"அலெக்ஸோட பெட்ரோல் வண்டி சாவி இருக்கா? திருமழிசை வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வரணும். நீங்களும் வாங்க."

போகும்போது விஜி ஓட்டினாள். கிளம்புவதற்கு முன் சாதுல்லா திரையைப் பார்த்தார். அலெக்ஸின் கால் அந்தப் பெட்ரோல் காரில் எடுத்திருந்த சராசரி, லிட்டருக்குப் பதினொன்று. அதை அழித்துப் பூஜ்யமாக்கினார்.

"விஜி, எப்பவும் போல ஓட்டு."

"எப்பவும் போலன்னா ஃபைன் கட்டறது நீயா, நானா?"

பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் இரண்டு லாரிகள், ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு மாநகரப் பேருந்து ஆகியவற்றோடு விஜி தகராறு செய்துவிட்டாள். சந்து கிடைத்தால் மிதித்தாள். சிக்னலின் வாயில் போய் கிறீச்சென்று நிறுத்தினாள். பின்சீட்டில் பெனிஷா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திருமழிசையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போய் வண்டி நின்றபோது திரை காட்டியது பதினொன்று.

"நீயும் அலெக்ஸும் ஒரே கால்," என்றார் சாதுல்லா.

"கம்பெனிக்காரன் இருபதுக்கு மேல குடுக்கும்னு விளம்பரம் போடறானே பாய்?"

"அவன் காத்து அடிக்காத ரூம்ல, டிராஃபிக்கே இல்லாம உருளையில ஓட்டிப் பாத்திருப்பான். லாரி குறுக்க வராது. நீயும் ஓட்ட மாட்டே." சாதுல்லா மறுபடி பூஜ்யமாக்கினார். "பெனிஷா, திரும்பிப் போறப்ப நீங்க ஓட்டுங்க."

பெனிஷா அசையவில்லை. "நானா? எதுக்கு சார்?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியும்தானே?"

"தெரியும். அப்பா சொல்லிக்குடுத்தார்."

அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள். சாவியைத் திருப்புவதற்கு முன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு கிளம்பினாள்.

விஜி ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. கியர் மாறியதும் தெரியவில்லை. தூரத்தில் லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பெனிஷாவின் வலது கால் பெடலிலிருந்து எழுந்தது. வண்டி தானாக உருண்டது. லாரி நகர்ந்தபோது இவர்களும் நிற்காமல் அதன் பின்னாலேயே போனார்கள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அவள் பொருட்படுத்தவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கால் மட்டும் பதறவில்லை.

வளைவு வந்தது. அவளாகவே ஓரமாக நிறுத்தினாள். சாலையோரத்தில் காய்ந்த சேறு. அதில் இன்னும் கண்ணாடிச் சில்லுகள் மின்னின.

சாதுல்லா திரையைப் பார்த்தார். பதினேழு.

"அதே வண்டி, அதே ரோடு, அதே பெட்ரோல்," என்றார் மெதுவாக. "விஜிக்குப் பதினொண்ணு. உங்களுக்குப் பதினேழு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருக்கிற வித்தியாசம் மூணுலேர்ந்து அஞ்சுதான். காலுக்கும் காலுக்கும் இருக்கிற வித்தியாசம் அதைவிடப் பெருசு. உங்க அண்ணன் ஓட்டியிருந்தா டீசல் வண்டி பதினாலு காட்டியிருக்கும். இருபத்திரண்டு காட்டணும்னா அதுக்கு ரெண்டு பேர் கால்தான் இருக்கு. ஒண்ணு கட்டுப் போட்டுக்கிட்டு ஸ்டூல் மேல இருக்கு."

பெனிஷா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாய், இது... இந்தப் பொண்ணுதானே நம்மள வேலைக்கு வெச்சுது?" விஜியின் குரல் இறங்கியிருந்தது.

"ஆமா. அதான் எனக்கும் புரியல." சாதுல்லா பெனிஷாவைப் பார்த்தார். "எதுக்கு ஓட்டச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விஜி மாதிரி நாலு தடவை மிதிச்சிருந்தா நான் இன்னும் அலைஞ்சிட்டிருப்பேன்."

"மிதிக்கத்தான் நெனச்சேன் சார். முடியல." அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "சொல்ல மாட்டேன்னு அப்பா பைபிள் மேல என் கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டார். அடுத்த மாசம் நான் குவைத் போகணும், விசா வந்துடுச்சு. கேஸ் ஆச்சுன்னா எல்லாம் போயிடும்னு அண்ணன் எனக்குத் தெரியாமலே வண்டியை எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டான். நான் சொல்லக் கூடாது. ஆனா யாராவது கண்டுபிடிச்சா, அது நான் சொன்னது ஆகாதே சார்?"

"அன்னிக்கு என்ன நடந்தது?" என்றார் சாதுல்லா.

"இந்த வாரம் திருமழிசையில ஒரு பேஷன்டுக்கு வீட்டுலயே பாத்துக்கற டியூட்டி. அப்பா வண்டியை எடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு மழையில கண்ணே தெரியல. மெதுவாத்தான் வந்தேன் சார், நான் எப்பவுமே மெதுவாத்தான் ஓட்டுவேன். திடீர்னு சத்தம். இறங்கி ஓடினேன். அவர் உக்காந்திருந்தார். தலையைத் தடவிக்கிட்டே சிரிச்சார். 'ஒண்ணும் இல்லம்மா, நான்தான் குறுக்க வந்துட்டேன், நீ போ, மழையில நனையாத'ன்னார். எழுந்து சைக்கிளைக்கூட நிமித்தினார். நானும் போயிட்டேன்."

"அவரே போகச் சொன்னாருல்ல?" என்றாள் விஜி, அவளுக்கு ஏதாவது ஒரு பிடி கிடைக்கட்டும் என்பது போல.

"நான் நர்ஸுங்க." பெனிஷாவின் குரல் உடைந்தது. "தலையில அடிபட்டவங்க முதல்ல நல்லாத்தான் பேசுவாங்க, சிரிப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சாய்வாங்க. உள்ள ரத்தம் கட்டும். வேற யாரு போயிருந்தாலும் தெரியாம போனாங்கன்னு சொல்லலாம். எனக்குத் தெரியும். கார்ல ஏறும்போதே தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் வரும், விசா போயிடும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அந்த ஒரு நிமிஷத்துல கதவைச் சாத்திட்டேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் லேசாக ஆடியது. விபத்து வண்டிகளைப் பார்த்தே வாழ்ந்தவர் சாதுல்லா. ஒரு பொய்யை உடைத்ததும் வரும் திருப்தி அவருக்குப் பழக்கமானது. இன்று அது வரவில்லை. ஒருவனை வெளியே எடுக்க இன்னொருத்தியை உள்ளே தள்ள வேண்டும். அவர் செய்த கெட்டிக்காரத்தனத்துக்குக் கூலி அதுதான்.

"என் வேலை கண்டுபிடிக்கிறது. ஸ்டேஷன்ல போய்ச் சொல்றதை நான் செய்யணுமா, நீங்க செய்றீங்களா?"

"நீங்க கண்டுபிடிச்சாச்சு. சத்தியம் அதோட முடிஞ்சுது," என்றாள் பெனிஷா. "நானே சொல்றேன். நானே ஓட்டறேன்."

காவல் நிலைய வராந்தாவில் அலெக்ஸை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஜீப் தயாராக இருந்தது. தங்கை காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்டி வந்தே? சார், எதுக்கு சார் இவளைக் கூட்டிட்டு வந்தீங்க? நான்தான் ஒத்துக்கிட்டேனே!"

சாதுல்லா அவன் தோளில் கை வைத்தார். அலெக்ஸ் அதைத் தட்டிவிட்டான். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான்.

பெனிஷா இன்ஸ்பெக்டரின் அறையை நோக்கி நடந்தாள். வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க வரச்சொல்லியிருந்தார்கள். விரலில் மை காயவில்லை. நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் தெரிந்தவரைக் கண்ட சந்தோஷம் வந்தது.

"நர்ஸம்மா! இன்னாம்மா நீ இங்க?"

பெனிஷா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"யாரும்மா இவங்க?" என்றாள் விஜி.

"நாகப்பன் சம்சாரம் நான், தாட்சாயிணி. இந்தப் பொண்ணு நேத்தும் முந்தாநேத்தும் ஆஸ்பத்திரியில என்கூடவேதான் குந்தினு இருந்துச்சு. எங்க வூட்டுக்காரருக்கு இன்னா மருந்து குடுக்கறாங்கோ, எதுக்குக் குழாய் மாட்டிகீறாங்கோன்னு எல்லாம் எனக்குப் புரியறா மாதிரி சொல்லிச்சு. பெத்த பொண்ணுகூட அப்படி இருக்காது." அவள் பெனிஷாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "குந்தும்மா. சாப்ட்டியா?"

பெனிஷா உட்காரவில்லை. தரையில் மண்டியிட்டாள்.

"அக்கா, நான்தான் அந்த வண்டியை ஓட்டினேன்."

தாட்சாயிணிக்கு முதலில் அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு, பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். மை அவள் விரலிலிருந்து பெனிஷாவின் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது.

"நீயா?"

"ஆமாக்கா. அவர் எழுந்து உக்காந்தார். போம்மான்னார். நான் போயிட்டேன்."

"அது எப்பவும் அப்படித்தான் சொல்லும். கால்ல ஆணி குத்தினாலும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்லும்." தாட்சாயிணி அவள் தலைக்கு மேலாக எங்கோ பார்த்தபடி சொன்னாள். "நீ போயிருக்கக் கூடாது."

"கூடாதுக்கா."

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து நின்றார். ஏட்டு ஏதோ சொல்லப் போனார். அவர் கையமர்த்தினார். விஜி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தாட்சாயிணி குனிந்தாள். கோபம் இன்னும் அவள் முகத்துக்கு வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நேத்து நீ என்கிட்ட, அதுக்கு சரியாப் பூடும், பயப்படாதன்னு சொன்னியே. அது நெஜமா சொன்னியா? இல்ல, உன் தப்பை மறைக்க சொன்னியா?"

இரண்டு நாட்களாக அந்தப் பெண்ணுக்கு பெனிஷா கொடுத்த ஒரே ஆறுதல் அது. அதையும் இப்போது திருப்பி வாங்க வேண்டியிருந்தது.

"தெரியலக்கா," என்றாள். "எனக்கு நெஜமா தெரியல. சரியாகணும்னு ஆசைப்பட்டேன். அதைத்தான் சரியாயிடும்னு சொன்னேன்."

தாட்சாயிணி தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்று சொல்ல முடியாது. முந்தானையால் மையைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

பெனிஷா எழுந்து இன்ஸ்பெக்டரின் அறைக்குள் போனாள். கதவை அவள் சாத்தவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பெஞ்சு வரைக்கும் கேட்டது.